வள்ளம் இழுத்த ஜீப்

தூத்துக்குடி
20 ஜனவரி 2025

அன்பு ஜாஸ்லின்,

வண்டி வாங்கிவிட்டேன்.

நேற்று போனிலேயே சொல்லியிருப்பேன். வாயை அடக்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ மலையிலிருந்து பஸ் நிற்கிற கைகாட்டி வரைக்கும் இறங்கி வந்து சிக்னல் பிடிப்பது ஈவாவின் குரலைக் கேட்க. அதில் போய் நான் வண்டிப் பேச்சை எடுப்பேன், அது சண்டையில் முடியும், பிள்ளை போனைக் காதில் வைத்தபடி முழிக்கும். போன் பிள்ளைக்கு, வண்டி விஷயம் கடிதத்துக்கு என்று நீ போட்ட சட்டம் சரிதான். இந்தக் காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டிப் பெண்டாட்டிக்குக் கடிதம் போடுகிறவன் தூத்துக்குடியிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். தபால் ஆபீஸில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பழைய மகிந்திரா டீசல் ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். நம் கையில் இருந்த காசுக்குப் புது ஜீப் என்றால் ஸ்டெப்னி மட்டும்தான் வந்திருக்கும். விற்றது டிக்சன். நம் பட்டறைக்கு ஃபைபர் வள்ளம் ஒட்டுப்போடக் கொண்டுவருவானே, அவனேதான். கடலிலிருந்து வள்ளத்தை மணலுக்கு இழுத்துப்போட இத்தனை வருஷமும் இந்த ஜீப்பைத்தான் வைத்திருந்தான். என் கண் முன்னாலேயே ஒரு வள்ளத்தைக் கட்டி இழுத்துக் காட்டினான். எஞ்சின் முனகக்கூட இல்லை. இதைவிட என்ன சர்டிபிகேட் வேண்டும்?

பணம் கொடுத்த கையோடு ஈவாவை ஏற்றிக்கொண்டு சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுக்குப் போனேன். மனுஷன் நடந்தாலே கால் புதைகிற செம்மணல். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ஈவா "இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா" என்று என்னை இறங்கவே விடவில்லை.

இனிதான் வேலை இருக்கிறது. வண்டியை ஒரு சாண் உயர்த்த வேண்டும். பெரிய டயர், முன்னால் வரிசையாக லைட்டு, கயிறு சுற்றி இழுக்க ஒரு வின்ச். யூடியூபில் பார்த்து எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நீயும் ஈவாவும் இந்த வண்டியில்தான் மலை ஏறுவீர்கள்.

உன்
பெவின்


அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி
மாவிலங்கோம்பை
2 பிப்ரவரி

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷப்படத்தான் உட்கார்ந்தேன். "வரிசையாக லைட்டு" என்ற இடத்துக்கு வந்ததும் போய்விட்டது.

எதற்காக இந்த வண்டி என்பது உங்களுக்கு மறந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நவம்பரில் ஈவா இங்கே என்னோடு இருந்தாள். ஒரு ஞாயிறு மத்தியானம் அவளுக்கு வீசிங் வந்தது. மிளகு ஏற்றுகிற ஜீப் சந்தைக்குப் போயிருந்தது. இந்த ஊரில் வேறு வண்டி கிடையாது. நானும் சமையல்கார அக்காவும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லுப் பாதையில் கைகாட்டி வரைக்கும் ஓடினோம். பஸ் வரும்போது பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுதான், ஒரு வண்டி வருகிற வரைக்கும் அவள் உங்களோடும் தேவகனி மதினியோடும் தூத்துக்குடியில் இருக்கட்டும் என்பது. எனக்கோ முதல் போஸ்டிங். இப்போதைக்கு மாறுதல் கேட்க முடியாது.

வண்டி வந்தால் என் பிள்ளை என்னிடம் வருவாள். எனக்கு விஷயம் அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது நல்ல பிரேக், ஒழுகாத கூரை, இரண்டு கதவு, பிள்ளைக்கு ஒரு பெல்ட். அந்தக் கல்லுப் பாதைக்கு நாலு சக்கரமும் இழுத்தால் போதும், வானத்தைப் பார்த்து நிற்க வேண்டாம்.

இன்னொன்று. அந்த ஜீப் இத்தனை வருஷமும் கடல் தண்ணீருக்குள் பின்பக்கத்தை இறக்கி வள்ளம் இழுத்திருக்கிறது. உப்புத்தண்ணீர் இரும்பை என்ன பண்ணும் என்று தூத்துக்குடிக்காரருக்கு நாசரேத்துக்காரி சொல்ல வேண்டுமா? அடியில் படுத்துப் பார்த்தீர்களா, அல்லது எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுக் காசை நீட்டினீர்களா?

ஈவாவுக்கு இன்ஹேலர் தீரப்போகிறது. வாங்கி வைத்துவிடுங்கள்.

உங்கள்
ஜாஸ்லின்


தூத்துக்குடி
23 பிப்ரவரி

அன்பு ஜாஸ்லின்,

உன் வாயில் சனி இருக்கிறது. நீ எழுதியபடியே ஆகிவிட்டது.

வண்டி மணலில் நின்றபோது அடியில் என்ன தெரியும்? பட்டறைக்குக் கொண்டுவந்து தூக்கிவைத்து, படுத்துப் பார்த்தேன். பின்பக்கத்து சேஸிஸ் நெடுக அப்பளமாட்டம் இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குத்தினால் அந்தப் பக்கம் வருகிறது. டிக்சனிடம் போய்ச் சத்தம் போட்டேன். "வள்ளம் இழுத்த வண்டின்னு சொல்லித்தான அண்ணே வித்தேன்" என்கிறான். அவன் சொன்னது உண்மைதான், அதுதான் ஆத்திரமாக வருகிறது.

நீ பயப்படாதே, சரிபண்ணிவிட்டேன். துருவைச் சுரண்டி எடுத்து, வள்ளத்துக்குப் போடுகிற மாதிரியே கண்ணாடி நார் மேட் வைத்து, ரெசின் ஊற்றி, ஐந்து அடுக்கு ஃபைபர் போட்டு, மேலே கறுப்புப் பெயின்டும் அடித்துவிட்டேன். கையால் தட்டிப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்கிறது. நாற்பது பேர் கடலுக்குப் போவது நான் போட்ட ஒட்டை நம்பித்தான். ஒரு ஜீப்பை அது தாங்காதா? இனி உப்புத்தண்ணீரே பட்டாலும் துருப்பிடிக்காது. வெல்டிங் செலவும் மிச்சம்.

மிச்சமான காசில் ஒரு வின்ச் வாங்கினேன். கழித்துப்போட்ட விசைப்படகிலிருந்து கழற்றியது. வலை இழுத்த வின்ச். கனம் கொஞ்சம் அதிகம், அதனால் முன் பம்பரையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. பம்பர் மாற்றியதும் முன்பக்கம் தொங்கியது, அதற்காக ஸ்பிரிங் பட்டையைக் கூட்டி உயர்த்தினேன். உயர்த்தின பிறகு பழைய டயர் சைக்கிள் டயர் மாதிரி தெரிந்தது. அதையும் மாற்றிவிட்டேன். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வருகிறது, நான் என்ன செய்ய?

கதவை ஏப்ரலில் பார்க்கலாம்.

இன்ஹேலர் வாங்கியாயிற்று. ஈவா கறுப்புப் பெயின்டில் கையை முக்கி, ஜீப்பின் பக்கவாட்டில் அச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். துடைக்க மனம் வரவில்லை.

பெவின்


மாவிலங்கோம்பை
9 மார்ச்

அத்தான்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கடைசியில் கோபம்தான் வந்தது.

வள்ளம் தண்ணீரில் மிதக்கிறது. கனத்தைத் தண்ணீர் தாங்குகிறது. ஜீப்புக்கு அடியில் தண்ணீரா இருக்கிறது? இந்தப் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒரு சக்கரம் பாறை மேலும் இருக்கும். அப்போது வண்டி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய துணி மாதிரி. இரும்பு அதைத் தாங்கும், உங்கள் ஃபைபர் படார் என்று உடைந்துவிடும். எட்டாம் வகுப்புக்கு நான் அறிவியல் எடுக்கிறேன் அத்தான், இதை ஒரு கேள்வியாகக் கேட்டால் என் பிள்ளைகள் சரியாக எழுதிவிடுவார்கள்.

மீனவர் நாற்பது பேர் உங்களை நம்பிக் கடலுக்குப் போகிறார்கள், சரி. அது உங்கள் தொழில், அதில் உங்களைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால் கையில் ரெசின் வாளி இருக்கிறது என்பதற்காகக் கண்ணில் படுவதையெல்லாம் வள்ளமாக்கிவிடுவீர்களா? ஈவாவின் கால் செருப்பு அறுந்தபோதுகூட மேட் வைத்து ஒட்டினீர்களே, அது மாதிரி.

அந்த வின்ச்சை வைத்து நான் எதை இழுக்க வேண்டும்? இங்கே வலையும் இல்லை மீனும் இல்லை.

தயவுசெய்து அதையெல்லாம் உரித்துவிட்டு, தெரிந்த வெல்டர் ஒருவரிடம் காட்டுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வண்டியில் உட்காரப்போவது ஈவா.

ஜாஸ்லின்


தூத்துக்குடி
6 ஏப்ரல்

ஜாஸ்லின்,

இந்தக் கடிதத்தை இரண்டு வாரமாக எழுதாமல் தள்ளிப்போட்டேன். தேவகனி அக்கா போனில் உளறிவிடுவாள் என்ற பயத்தில் இன்றைக்கு எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரியே நேசக்குமார் அண்ணாச்சியின் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. "ஏலே பெவின், இது சேஸிஸா வள்ளமாலே?" என்று கேட்டார். அங்கே வேலை பார்த்த அத்தனை பேரும் சிரித்தார்கள். துறைமுக ரோட்டில் லாரிக்காரன் வரைக்கும் இப்போது எனக்கு வள்ளம் பெவின் என்று பெயர்.

ஃபைபரை முழுக்க உரித்துவிட்டு வா என்றார். மெஷின் போட்டு உரித்தேன். உடம்பெல்லாம் அரிப்பு, கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளியே இருந்ததெல்லாம் போய்விட்டது, போதும் என்று நினைத்துவிட்டேன். சேஸிஸின் உள்பக்கம் ரெசின் வழிந்து இறங்கியிருந்திருக்கிறது. அண்ணாச்சி கேஸ் வைத்து அறுக்கத் தொடங்கியதும் உள்ளுக்குள் பற்றிக்கொண்டது. கறுப்புப் புகை. மணலை அள்ளி அள்ளிப் போட்டு அணைத்தோம். ஒயரிங் முழுக்கப் போயிற்று, டீசல் ஓஸ் குழாய் உருகிவிட்டது, பின் சீட்டு கரி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஈவா அன்றைக்கு அக்காவோடு வீட்டில் இருந்தாள், அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம். போதுமா?

இதில் இன்னொரு கஷ்டம் வந்து நிற்கிறது. பதினைந்தாம் தேதி மீன்பிடித் தடை தொடங்குகிறது. ஜூன் பாதி வரைக்கும் விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது, எல்லாம் கரைக்கு ஏறும், எல்லாவற்றுக்கும் நான்தான் ஃபைபர் பூச வேண்டும். என் வருஷ வருமானமே இந்த இரண்டு மாதம்தான் என்று உனக்குத் தெரியும். ஜீப்பைத் தொட நேரம் கிடைக்குமா தெரியவில்லை. எப்படியாவது பார்க்கிறேன்.

நீ மே லீவுக்கு வருவாயே, அப்போது நேரில் திட்டிக்கொள். கடிதத்தில் திட்டாதே, திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கத் தோன்றுகிறது.

பெவின்


மாவிலங்கோம்பை
8 ஜூன்

அத்தானுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். தனியாகத்தான் வந்து சேர்ந்தேன், அது உங்களுக்கே தெரியும்.

லீவு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். படகுத்துறையிலிருந்து நீங்கள் ரெசின் நாற்றத்தோடு வந்து விழுந்து தூங்குவதைப் பார்த்த பிறகு எப்படிச் சண்டை போட? கடைசி நாளில்தான் வாய்விட்டேன். அதுவும் பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு என்னை ஜீப்பில் ஏறி உட்காரச் சொன்னீர்கள். ஏறவே முடியவில்லை, ஸ்டூல் போட்டு ஏற்றிவிட்டீர்கள். உட்கார்ந்தால் கிளட்சுக்குக் கால் எட்டவில்லை. கண்ணாடிக்கு வெளியே வானம்தான் தெரிந்தது. நீங்கள் சிரித்தீர்கள். மதினி சிரித்தார். ஈவாவும் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இங்கே இந்த வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள்? ஒரு கடிதத்திலாவது கேட்டீர்களா? நீங்கள் தூத்துக்குடியில் இருப்பீர்கள். பிள்ளைக்கு மூச்சு முட்டினால் ஓட்டப்போவது நான். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்து, அப்பாவின் அம்பாசடரை நாசரேத் கடைத்தெருவில் ஓட்டியவள். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஆறடி ஆளுக்கு அளவெடுத்து ஒரு வண்டி கட்டியிருக்கிறீர்கள்.

அதைவிடப் பெரிதாக ஒன்று. நான் கிளம்புகிற அன்று ஈவா விழுந்து முழங்காலில் அடிபட்டதே, அப்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் "அம்மா" என்று அழுதுகொண்டே என்னைத் தாண்டி மதினியிடம் ஓடினாள். மதினி பாவம், "ஏளா, அம்மை இங்கன நிக்காள்லா" என்று அவளை என் பக்கம் திருப்பிவிட்டார். அவள் வரவில்லை. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டீர்கள்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசித்தேன். லைட்டு, வின்ச், பம்பர், டயர் என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று எங்கிருந்து வருகிறது? பிரேக்கும் கதவும் மட்டும் ஏன் வருவதில்லை? எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி முடிவதில் உங்களுக்கு இஷ்டம் இல்லை. முடிந்தால் பிள்ளை போய்விடுவாள்.

பொய் என்றால் பொய் என்று எழுதுங்கள்.

ஜாஸ்லின்


தூத்துக்குடி
22 ஜூன்

ஜாஸ்லின்,

பொய்.

இரண்டு மாதம் விசைப்படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்து ரெசின் பூசியிருக்கிறேன். கழுத்து திரும்பவில்லை. அந்த வேலை முடிந்து வந்து நேசக்குமார் அண்ணாச்சியிடம் கெஞ்சி, பின் சேஸிஸை அறுத்தெடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டு அடித்திருக்கிறேன். ஒயரிங்கை நானே உட்கார்ந்து இழுத்தேன். இவ்வளவும் பண்ணுகிறவன் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ள நாடகம் ஆடுகிறேன் என்றா சொல்கிறாய்?

முந்தாநாள் எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோனேன். இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். இந்த டயர் ஆகாது, இந்த லைட்டு ஆகாது, வின்ச்சைக் கழற்று, உயரத்தை இறக்கு, கம்பெனி கொடுத்த மாதிரி கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆறு மாதம் பார்த்த வேலை. நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

ஈவா நம் தெருவில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு நன்றாகத்தான் போகிறாள். தினமும் நான்தான் கொண்டுவிடுகிறேன். சாப்பாடு ஊட்டுவது நான், மூக்கைச் சிந்திவிடுவது நான், வீசிங் வந்தால் உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருப்பது நான். இதையும் ஒரு நாள் எழுதேன், பஸ்ஸில் போகும்போது யோசித்து.

பெவின்


மாவிலங்கோம்பை
13 ஜூலை

அத்தான்,

நீங்கள் ஊட்டுகிறீர்கள். நீங்கள் தடவிக்கொடுக்கிறீர்கள். அதை நான் செய்ய முடியவில்லை என்றுதான் ஆறு மாதமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். அது உங்களுக்குச் சுமை மாதிரியும் நான் தப்பித்து வந்துவிட்ட மாதிரியும் எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு மனம் எப்படி வந்தது?

இங்கே அறுபது பிள்ளைகள் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி போடுகிறேன், பேன் பார்க்கிறேன், சாயங்காலம் கதை சொல்கிறேன். எல்லாம் அடுத்தவர் பெற்ற பிள்ளைகள். ராத்திரி என் கட்டிலுக்கு வந்தால் பக்கத்தில் வெறும் சுவர்.

முடிவாகச் சொல்கிறேன். செப்டம்பரில் காலாண்டு லீவுக்கு வருவேன். திரும்பும்போது ஈவாவைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன். வண்டி இருந்தால் வண்டியில். இல்லாவிட்டால் பஸ்ஸில் வந்து, கைகாட்டியிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவேன். ஆபத்து என்று தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

இனி வண்டியைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

ஜாஸ்லின்


தூத்துக்குடி
27 ஜூலை

ஜாஸ்லின்,

எழுத வேண்டாம் என்றாய். ஒரே ஒரு வேலைக்காக எழுதுகிறேன்.

ஒரு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள். இடுப்பிலிருந்து குதிங்கால் வரைக்கும் ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து வெட்டு. தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் இன்னொன்று. உட்கார்ந்த இடத்திலிருந்து கண் உயரத்துக்கு ஒன்று. மூன்றிலும் எது எது என்று பேப்பர் ஒட்டிக் கவரில் போட்டு அனுப்பு. வெட்கப்பட்டுக் கூட்டிக் குறைத்து வெட்டாதே.

போன கடிதத்தில் பொய் என்று எழுதினேனே, முதல் வார்த்தை. அதை எழுதிவிட்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பெவின்


மாவிலங்கோம்பை
4 ஆகஸ்ட்

கயிறு மூன்றும் உள்ளே இருக்கிறது. சமையல்கார அக்காதான் அளந்தார். எதற்கு என்று கேட்டார், சவப்பெட்டிக்கு என்றேன். அடி விழுந்தது.

எதற்கு அத்தான்?

ஜா.


தூத்துக்குடி
7 செப்டம்பர்

அன்பு ஜாஸ்லின்,

எஃப்.சி. ஆகிவிட்டது.

வின்ச்சை ஒரு படகுக்காரரிடம் தள்ளிவிட்டேன். பெரிய டயரைத் தேரிக்காட்டில் வண்டி ஓட்டுகிற திருச்செந்தூர் பையன்கள் வாங்கிக்கொண்டார்கள். லைட்டையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காசில் நாலு பிரேக்கும் புதிதாகப் போட்டேன். பட்டையைக் கழற்றி வண்டியைப் பழைய உயரத்துக்கு இறக்கினேன். கதவு இரண்டும் பிள்ளைக்குப் பெல்ட்டும் வைத்தாயிற்று, மழை பெய்தபோது கூரையைப் பார்த்தேன், ஒழுகவில்லை. டீசல் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது. மொத்தத்தில் டிக்சன் இழுத்துக்கொண்டிருந்த அதே மொட்டை ஜீப்தான், சேஸிஸ் மட்டும் புதிது. இதற்கு எட்டு மாதம்.

இதுவரைக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். நீ எழுதியது உண்மை. வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் கதவுக்கு அளவெடுக்கப் போனால், ஈவா பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துத் தருவாள். கதவை மாட்டிவிட்டால் இவள் அதன் வழியாகப் போய்விடுவாள் என்று தோன்றும். உடனே வேறு ஒரு வேலை ஞாபகம் வரும். நீ அங்கே தனியாகக் கிடந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்தேன்.

நீ பஸ்ஸில் வர வேண்டாம். லீவு தொடங்கும் முன்பே நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நான் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அவளுடைய துணியை அக்கா நேற்றே அடுக்கிவிட்டாள். அடுக்கி முடித்து என்னைப் பார்த்துச் சொன்னாள், "அழுதா அழுதுக்கோல, நான் அங்கிட்டுப் போறேன்."

பெவின்


மாவிலங்கோம்பை
28 செப்டம்பர்

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் போய் இரண்டு வாரம் ஆகிறது. போனில் ஈவா பேசி முடிப்பதற்குள் சிக்னல் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஜீப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றதும் எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள். நீங்கள் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை, என்னைப் பார்க்கக் கூச்சமோ என்று நான் பக்கத்தில் வந்து பார்த்தால், முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் மேலே நிற்க, தலை கூரையில் முட்ட, மடக்கி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். காலை நிமிர்த்த முடியாமல் வாட்ச்மேன்தான் பிடித்து இறக்கினார். என் கயிற்று அளவுக்கு ஃபைபரில் ஒரு சீட்டு வார்த்து, முன்னும் பின்னும் நகராதபடி போல்டு போட்டு முறுக்கி, அதில் நீங்கள் தூத்துக்குடியிலிருந்து மலை வரைக்கும் ஓட்டி வந்திருக்கிறீர்கள்.

பிறகு நான் ஏறி உட்கார்ந்தேன். கிளட்ச் காலுக்கு அடியிலேயே இருந்தது. ரோடு தெரிந்தது.  அவ்வளவு பிள்ளைகள் நின்றார்கள், அழுகை தெரியாமல் இருக்க ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ஈவா என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று. சோறு ஊட்டினால், அப்பா இப்படிப் பிசைய மாட்டாரு என்கிறாள். உங்களுக்குத் தெரிந்த மாதிரி முதுகைத் தடவ எனக்குத் தெரியவில்லையாம். மிளகு ஜீப் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள், நீங்கள் இல்லை என்றதும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள். கோபம் கோபமாக வருகிறது எனக்கு. யார் மேல் என்றும் தெரியவில்லை. பத்து மாதமாக எனக்கு நடந்ததை நான் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அங்கே அந்த வீட்டில் நீங்கள் இப்போது எப்படி இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும் அத்தான். அது மாதிரி எனக்கு வேறு எதுவுமே நன்றாகத் தெரியாது.

புதன்கிழமை அவளுக்கு லேசாக வீசிங் வந்தது. நான் ஓட்டினேன். கைகாட்டியைத் தாண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் நானே ஓட்டினேன். அந்தப் பாறை இருக்கிற வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சேஸிஸ் ஒரு சத்தமும் போடவில்லை. நேசக்குமார் அண்ணாச்சியிடம் சொல்லுங்கள். டாக்டர் பார்த்துவிட்டு, சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார். திரும்பி வரும்போது அவள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள், "நீ அப்பா மாதிரி ஓட்டுத. அப்பாவையும் போய்க் கூட்டிட்டு வாரியா?"

அடுத்த தடைக்காலம் வர இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதுவரை படகுக்காரர்கள் உங்கள் வாசலில் வரிசையில் நிற்கப்போவதில்லை. லீவுக்கு நாங்கள் அங்கே வந்தால் ஈவா திரும்ப மலை ஏற மாட்டாள், அதனால் நீங்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுங்கள். சனிக்கிழமை காலையில் நானும் அவளும் கைகாட்டியில் வண்டியோடு நிற்போம். இந்த வாரம் மட்டும் இல்லை, எல்லா வாரமும். ஓட்டுவது நான்தான், கியரில் கை வைக்கக் கூடாது, பள்ளம் பார், பாறை பார் என்று கத்தக் கூடாது. நீங்கள் பக்கத்துச் சீட்டில் உட்காருங்கள், அங்கே உங்கள் கால் நீட்ட இடம் இருக்கிறது.

உங்கள்
ஜாஸ்லின்